கையெழுத்துப் போடா ஆய்வாளர்

உலக வரலாற்றைக் கிறிஸ்துவுக்கு முன், கிறிஸ்துவுக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் நியாயமாகப் பார்த்தால், எங்கள் பள்ளி தொடங்குவதற்கு முன், தொடங்கியதற்குப் பின் என்றுதான் பிரித்திருக்க வேண்டும். அதற்கு முன்பு மனிதர்கள் சும்மா பிறந்தார்கள், சும்மா வளர்ந்தார்கள், சும்மா செத்தார்கள். எங்கள் பள்ளி வந்த பிறகுதான் அவர்கள் 'தயார்' செய்யப்பட்டார்கள்.

எங்களுடையது வெறுமனே பாடம் சொல்லித்தருகிற இடம் அல்ல. உயர்கல்விக்கு மாணவர்களைத் தயார் செய்யும் கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளி. காலையில் ஜெபம், பிறகு கணக்கு, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனம். பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கும்போதே அடுத்த மாதத்துக்கான பாவங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் அளவுக்கு எங்களிடம் முன்யோசனை வளர்க்கப்பட்டது. பிற்காலத்தில் எங்களில் பலர் நிர்வாகத் திறமைக்குப் பேர் வாங்கியது இப்படித்தான்.

நான் முன்னாள் மாணவர் சங்கத்தின் செயலாளர். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கிளை மேலாளர். மனிதனுக்கு என்னென்ன ஆபத்து வரும் என்று யோசிப்பதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சம்பளம் தராத இடங்களில் நான் யோசிப்பதில்லை.

பள்ளியின் நூற்றாண்டை ஒட்டி எங்கள் வகுப்புத் தோழர் ஒருவர் பெரிய மண்டபம் ஒன்றைக் கட்டிக்கொடுத்தார். கட்டட ஒப்பந்தக்காரர். படிக்கிற காலத்தில் எந்தப் பாடமும் மண்டைக்குள் இறங்காததால் கணக்கு வாத்தியார் அவருக்கு 'காங்கிரீட்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரையே கம்பெனிக்கும் வைத்துப் பெரிய மனிதராகிவிட்டார். மண்டபத்தில் மேடையின் பின்சுவரில், பள்ளியின் பெருமைமிகு முன்னாள் மாணவர்களின் படங்களை மாட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. படச்சட்டங்களும் அவர் செலவுதான். பன்னிரண்டு வாங்கிவிட்டார்.

"ஏன் பன்னிரண்டு?" என்று கேட்டார் தலைமையாசிரியராக இருக்கும் ஃபாதர்.

"சீடர்கள் பன்னிரண்டு பேர்தானே ஃபாதர்."

"அதுல ஒருத்தர் காட்டிக்குடுத்தாரே."

"ஒருத்தர்தானே. பாத்துக்கலாம்."

தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. ஃபாதர் தலைவர், நான் செயலாளர். காங்கிரீட், எங்கள் வகுப்பிலிருந்து மந்திரி ஆன 'மைக்', எங்களுக்கெல்லாம் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்ற தமிழய்யா ஆகியோர் உறுப்பினர்கள். சட்டத்துக்குள் அடங்காத பதினோரு பேரை ஒரே மாலையில் சட்டத்துக்குள் அடக்கிய பெருமை இந்தக் குழுவுக்கே உரியது. முதலில் காங்கிரீட். அடுத்து மைக். 'பிறரை நேசி' என்று மறைக்கல்வி வகுப்பில் படித்ததை மறக்காமல், பிற கட்சிகளையும் நேசித்து, ஒவ்வொன்றிலும் சில காலம் குடியிருந்து பார்த்தவர் அவர். மூன்றாவது 'வட்டி'. வங்கித் தலைவராக இருந்து நாட்டின் பணத்தை உலக அளவுக்குக் கொண்டுபோனவர். அவரும் கூடவே போய்விட்டார். எந்த ஊரில் இருக்கிறார் என்பதைத் தன்னடக்கம் காரணமாக யாரிடமும் சொல்வதில்லை. விழாவுக்கு வர இயலாமைக்கு வருந்துவதாக அவருடைய வக்கீல் எழுதியிருந்தார். நான்காவது அறுவைசிகிச்சை நிபுணர். வயிற்றுக்குள் ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் திறந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளும் அறிவியல் மனப்பான்மை உடையவர். ஐந்தாவது ஒரு கல்லூரி அதிபர். மாணவர்களைச் சேர்த்த பிறகு கட்டடம், கட்டடம் வந்த பிறகு ஆசிரியர் என்று படிப்படியாக முன்னேறியவர். முதல் படியில் இருக்கிறார். மற்றவர்களும் இவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல.

பன்னிரண்டாவதாக யாரைப் போடலாம் என்று நாங்கள் திணறிக்கொண்டிருந்தபோது, மண்டபத்தைத் திறந்து வைக்க ஒப்புக்கொண்டிருந்த ஆயரிடமிருந்து கடிதம் வந்தது. பெயர்களைப் பார்த்ததாகவும், மாணவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்ட 'நல்ல மனிதர் ஒருவரும்' இடம்பெற்றால் மகிழ்வதாகவும் எழுதியிருந்தார்.

"நல்ல மனிதர்னா எந்த அர்த்தத்துல கேக்குறாரு?" என்றார் மைக்.

"சாதாரண அர்த்தத்துலதான் கேப்பாருன்னு நினைக்கிறேன்," என்றார் ஃபாதர்.

"அந்த மாதிரி நம்மகிட்ட யாரு இருக்கா?"

நூறு ஆண்டுகள், ஆயிரக்கணக்கான மாணவர்கள். எல்லோரும் அவரவர் விரல்களை மடக்கி மடக்கி நிமிர்த்தினோம். கடைசியில் தமிழய்யாதான் வாயைத் திறந்தார்.

"முட்டி இருக்கானே."

முட்டியும் எங்கள் வகுப்புதான். ஒருமுறை கோயில் ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது. உடைத்தவர் யார் என்று தெரியாததால், வகுப்பு முழுவதும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. உடைத்த காங்கிரீட்தான் முதல் கையெழுத்து, அழகான கையெழுத்து. நாங்களும் போட்டோம். இவன் மட்டும் "நான் உடைக்கல, அதனால போட மாட்டேன்" என்றான். போடும்வரை முட்டி போடச் சொன்னார்கள். அந்தப் பருவம் முழுவதும் வகுப்பு வாசலில் முட்டி போட்டான், கையெழுத்து மட்டும் போடவில்லை. பெயர் நிலைத்துவிட்டது. இப்போது கட்டடப் பாதுகாப்பு ஆய்வாளராக இருக்கிறான். ஒரு கட்டடத்தில் ஆட்கள் நுழைய வேண்டுமானால் அவன் கையெழுத்து வேண்டும்.

நானும் ஃபாதரும் அவன் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் அட்டைப்பெட்டிகள் கயிறு கட்டியபடியே சுவரோரம் அடுக்கியிருந்தன.

"இப்பதான் குடிவந்தீங்களாம்மா?" என்று அவன் மனைவியைக் கேட்டேன். தபால் நிலையத்தில் வேலை செய்கிறவர்.

"வந்து ரொம்ப நாளாச்சுண்ணே. பிரிக்கிறதில்ல. இவரு எங்கயாவது ஒரு கையெழுத்த போடாம இருப்பாரு, உடனே மாத்திடுவாங்க. பிரிச்சுப் பிரிச்சுக் கட்டி எனக்குத்தான் கை போச்சு. ஆபீஸ்லயும் பார்சல், வீட்லயும் பார்சல்."

ஃபாதர் பரிசுத்தமான புன்னகையோடு விஷயத்தைத் தொடங்கினார். "பள்ளிக்கூடம் உங்களுக்கு ஒரு கௌரவம் செய்யணும்னு நினைக்குது."

"மறுபடி முட்டி போடணுமா ஃபாதர்?"

"சேச்சே. உங்க படத்த மண்டபத்துல மாட்டப் போறோம். படத்துக்குக் கீழ ரெண்டு வரி எழுதணும். நீங்க என்னென்ன சாதிச்சீங்கன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"ஒண்ணும் செய்யலையே."

"அடக்கம் வேண்டாம்."

"அடக்கம் இல்ல ஃபாதர், செய்யாததுதான். ஆத்தங்கரை பக்கம் ஒரு அடுக்குமாடி, கையெழுத்துப் போடல. ஒரு ஆஸ்பத்திரி, போடல. ஒரு சினிமா கொட்டகை, அதுக்கும் போடல."

எழுதிக்கொண்டே வந்த ஃபாதர் பேனாவை நிறுத்தினார். "போட்டது ஏதாவது இருக்கா?"

"கல்யாணத்துல போட்டேன்."

"அதையும் ஒரு வருஷம் யோசிச்சுத்தான் போட்டாரு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

திரும்பி வரும் வழியில் ஃபாதர் மிகவும் சோர்ந்திருந்தார். மற்ற பதினோரு பேரும் ஏதாவது செய்திருக்கிறார்கள். கட்டினார்கள், திறந்தார்கள், தாவினார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாவற்றுக்கும் வினைமுற்று இருக்கிறது. ஒன்றைச் செய்யாமல் இருந்ததைச் சாதனை என்று பித்தளைத் தகட்டில் எப்படிப் பொறிப்பது?

அதற்குத்தான் தமிழய்யா இருக்கிறார். கண்ணை மூடி யோசித்தார். "தமிழ்ல முடியாதது ஒண்ணுமில்ல. 'ஓடாத குதிரை'ங்கிறத 'ஓடாக் குதிரை'ன்னு சுருக்கிச் சொல்றோம் இல்லையா? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதே மாதிரி 'கையெழுத்துப் போடாத ஆய்வாளர்', கையெழுத்துப் போடா ஆய்வாளர். சுருக்கமாவும் இருக்கு, கம்பீரமாவும் இருக்கு."

உண்மையிலேயே கம்பீரமாக இருந்தது. அன்றைக்கே தகடு செய்யக் கொடுத்துவிட்டோம்.

அடுத்த கூட்டத்தில் தகட்டை மேசைமேல் வைத்ததும் காங்கிரீட் எட்டிப் பார்த்துச் சத்தம்போட்டுப் படித்தார். "கையெழுத்துப் போடா, ஆய்வாளர்!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பதான் சரியா எழுதியிருக்கீங்க. நான் என்னமோ அவன கொண்டாடப் போறீங்கன்னு நினைச்சு வருத்தப்பட்டேன்."

தமிழய்யா வெலவெலத்துப் போனார். "இல்லப்பா, அது பெயரெச்சம்…"

"எச்சம் மிச்சமெல்லாம் எனக்குத் தெரியாது. என் மண்டபத்துக் காகிதம் அவன் மேசையிலதான் தூங்குது. ஏதோ நடு உத்தரத்துல விரிசலாம். மேடைக்கு மேல இருக்கே, அதுதான். இடிச்சுட்டுத் திரும்பப் போடணும்னு எழுதியிருக்கான்."

அந்த ஆய்வறிக்கையின் நகலை அவர் மேசைமேல் எறிந்தார். குழுவில் எல்லோரும் வாங்கிப் படித்தோம். படங்களும் இருந்தன. விரிசலுக்குள் முட்டி தன் சுண்டுவிரலை விட்டுக் காட்டியிருந்தான்.

"விரல் ஒல்லியான விரல்தான்," என்றார் மைக்.

"அதுக்கப்புறம் பூசி வெள்ளையடிச்சாச்சு," என்றார் காங்கிரீட். "இப்ப யானை விரல் வச்சாலும் உள்ள போகாது."

குழு ஆழ்ந்து ஆலோசித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. முட்டி கையெழுத்துப் போட்டால் அவன் படத்தை மாட்டுவது. அதில் ஒரு சிறு சிக்கல் இருப்பதைத் தமிழய்யா மட்டும் சுட்டிக்காட்டினார். "அவன் போட்டுட்டா தகட்டுல இருக்கிறது பொய்யாயிடுமே?"

"ஏன் பொய்யாகுது? போடறதுக்கு முன்னாடி உங்க மாதிரி படிங்க. போட்டதுக்கப்புறம் என்ன மாதிரி படிங்க," என்றார் காங்கிரீட். எதுவும் மண்டைக்குள் இறங்காது என்று சொல்லப்பட்டவரின் இலக்கண அறிவு எங்களை வியக்கவைத்தது. கௌரவத்தைத் தெரிவித்து, கையெழுத்தை வாங்கிவரும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவனுடைய அலுவலகம் மாடிப்படியின் அடியில் இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தால் தலை இடிக்கும். கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்தை இப்படி ஓர் இடத்தில் வைத்திருக்கிறார்களே என்று சொன்னேன். "இதுக்கும் நான் கையெழுத்துப் போடல," என்றான்.

நான் அன்பாகவும் விரிவாகவும் பேசினேன். நூற்றாண்டுப் பாரம்பரியம், ஆயரின் வருகை, பித்தளைத் தகடு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மண்டபத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சா?" என்றான்.

"விண்ணப்பம் போட்டாங்க. கம்பெனி குடுக்கல."

"எந்தக் கம்பெனி?"

"எங்க கம்பெனிதான்."

"ஏன் குடுக்கல?"

"கிளை மேலாளர் நிராகரிச்சுட்டாரு."

"கிளை மேலாளர் யாருடா?"

"நான்தான். ஆனா அது வேற, இது வேற. அங்க நான் கம்பெனி ஆளு. இங்க சங்கத்து ஆளு."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "உன் பொண்ணு பாட்டுக் குழுவுல பாடுறாளாமே," என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் மகள்தான் குழுவில் முதல் குரல், முதல் வரிசையில் நடுவில் நிற்பவள் என்று சொன்னேன். எங்கள் காலத்தில் ஆண்கள் மட்டும் படித்த பள்ளி. பெண்பிள்ளைகளைச் சேர்த்த பிறகுதான் அங்கே பாட்டு என்று சொல்லும்படி ஏதோ கேட்கிறது.

"முதல் வரிசை நடுவுலன்னா, நேரா அந்த உத்தரத்துக்கு அடியில."

"அப்படியா?"

"அறிக்கையப் படிச்சியா இல்லையா?"

"படிச்சேன்."

"அப்புறம் எப்படிடா என்ன வந்து கேக்குற?" அவன் குரலை உயர்த்தவில்லை. "நான் போட்டா அது என் கையெழுத்தோட போகாது. அந்தப் பிள்ளைங்க தலையெழுத்தாயிடும். எனக்கு எழுத வராது, போ."

இப்படித்தான் சிலர் வளரவே மாட்டார்கள். பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிடுவார்கள். எனக்கு அவன்மீது கோபம் கோபமாக வந்தது. அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பாக இல்லை என்பதால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

அந்த வாரமே அவனுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மைக் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் முடித்தார். அவனுடைய இடத்துக்கு வந்தவரும், பாருங்கள், எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவரே! இதுதான் எங்கள் பள்ளியின் மகத்துவம். எந்த நாற்காலி காலியானாலும் எங்களில் ஒருவர் உட்காரத் தயாராக இருப்பார். எழுதி எழுதிச் சட்டைப் பையில் எப்போதும் கறை இருந்ததால் அவருக்கு 'மை' என்று பெயர். மண்டபத்தை வந்து பார்க்கிறீர்களா என்று மரியாதைக்குக் கேட்டேன். "முன்னாள் மாணவன் கட்டினது. அதைப் போய் சந்தேகமா பாக்குறதா?" என்று நிற்கிற இடத்திலேயே, என் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவரும் ஆய்வாளர்தான், தகடும் தயாராக இருந்தது, வீணாக்குவானேன்? அவர் படத்தின் கீழேயே அதைப் பொருத்தினோம். 'போடா' என்றதும் போட்டவர். காங்கிரீட்டின் இலக்கணப்படி தகடு நூற்றுக்கு நூறு பொருந்தியது. நல்ல மனிதர் கிடைத்துவிட்டார் என்று ஆயருக்கு எழுதினோம்.

திறப்பு விழா அன்று காலை, எங்கள் வீட்டில் ஒரு மருத்துவ அதிசயம் நடந்தது. வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது.

"இவளுக்கு ஒண்ணும் சுடலையேங்க," என்றாள் என் மனைவி, நெற்றியைத் தொட்டுப் பார்த்து.

"உள்காய்ச்சல். வெளிய தெரியாது."

"எனக்கு ஒண்ணுமில்லப்பா," என்று அழ ஆரம்பித்தாள் மகள். "நான் இல்லன்னா யாருப்பா முதல் அடி எடுப்பாங்க? ரெண்டு மாசமா பாடிப் பாடிப் பழகியிருக்கேன்."

"உனக்குக் காய்ச்சல் இருக்கிறது உனக்குத் தெரியாதும்மா. அப்பாவுக்குத் தெரியும்."

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தாள். பாட்டு டீச்சர் தொலைபேசியில் பதறினார். நடு இடம் காலியாக இருந்தால் வரிசை பல் விழுந்த வாய்போல ஆகிவிடுமாம், உடுப்பையாவது அனுப்பினால் வேறு பிள்ளையை நிறுத்திக்கொள்வாராம். பள்ளியின் கௌரவமாயிற்றே. உடுப்பை நானே மடித்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

பள்ளிக்குப் போனால், நோய் எங்கள் வீட்டோடு நிற்கவில்லை என்று தெரிந்தது. காங்கிரீட்டின் பேரனுக்கு வயிற்றுவலி. மைக்கின் தங்கை மகனுக்குக் கண்வலி. மையின் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் கால் சுளுக்கு. தமிழய்யாவின் பேத்தி திடீரென்று அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். ஆய்வறிக்கையைப் படித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளை மட்டும் தாக்கும் இந்தப் புதுவகைத் தொற்றைப் பற்றி நிபுணர்கள் ஆராய வேண்டும்.

விழா மிகச் சிறப்பாக நடந்தது. மண்டபம் நிறையப் பிள்ளைகள். விருந்தினர்களுக்கு மட்டும், காற்றோட்டம் கருதி, வெளியே வராந்தாவில் நாற்காலி போட்டிருந்தோம். கதவுகளைத் திறந்து வைத்தால் அங்கிருந்தே மேடை தெரியும்.

"நாம உள்ள உக்காரலையா?" என்று கேட்டார் ஆயர்.

"உள்ள கொஞ்சம் புழுக்கம், ஆண்டவரே," என்றார் ஃபாதர்.

"பிள்ளைங்களுக்குப் புழுங்காதா?"

"அவங்களுக்குப் பழக்கம்."

ஆயர் வாசலில் நின்றபடியே ரிப்பன் வெட்டினார். பதினோரு பெருமக்களின் சாதனைகளும், பன்னிரண்டாவதாக நல்ல மனிதரின் நல்ல குணங்களும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஃபாதர், "அன்பான பிள்ளைகளே, மெதுவாகக் கைதட்டவும்" என்று கேட்டுக்கொண்டார். மகிழ்ச்சியில்கூட எங்கள் பள்ளி நிதானம் தவறுவதில்லை.

பாட்டு தொடங்கியது. முதல் வரிசை நடுவில், என் மகளின் வெள்ளை உடுப்பில், எலும்பும் தோலுமாக ஒரு சிறுமி நின்று முதல் அடியை எடுத்தாள். குரல் கொஞ்சம் நடுங்கினாலும் இனிமையாகத்தான் இருந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு மேலே, புதிதாக வெள்ளையடித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை வேர்த்தது. புழுக்கம்தான்.

இரண்டாவது அடியின்போது ஆபத்து மணி அடித்தது.

எங்கள் பள்ளியில் ஆபத்து மணி அடித்தால் பிள்ளைகள் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். வரிசையாக எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, மைதானத்துக்குப் போய் நின்றுவிடுவார்கள். ஆயர் "என்ன ஒழுங்கு" என்று வாய்விட்டுப் பாராட்டினார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது மணிக்கு அடியில் முட்டி நின்றுகொண்டிருந்தான். இன்னும் புது ஊருக்குப் புறப்படவில்லை போலும். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"என்னடா இது?" என்றேன்.

"கையெழுத்துதான் போட மாட்டேன்னேன். மணி அடிக்க மாட்டேன்னு சொல்லலையே," என்றான்.

வராந்தாவிலிருந்து பார்த்தால் மண்டபம் காலியாகக் கிடந்தது. உத்தரத்துக்கு அடியில் பன்னிரண்டு படங்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

மண்டபம் விழவில்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவுசெய்கிறேன். அன்றும் விழவில்லை, இன்றுவரை விழவில்லை. ஆகவே முட்டி சொன்னது பொய் என்பது அறிவியல் பூர்வமாக நிரூபணம் ஆகிவிட்டது. பொய்யாக மணி அடித்துப் பீதி கிளப்பியதாக வழக்குப் போட்டு, வேலையிலிருந்தும் இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். ஊர் மாற்றம் கூடக் கிடையாது. அவன் மனைவி பெட்டிகளையெல்லாம் பிரித்து அடுக்கிவிட்டாராம். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் வீடு வீடுபோல இருக்கிறது என்று தபால் நிலையத்தில் சொல்லிச் சிரித்தாராம். சிரித்தாரா என்று இரண்டு முறை கேட்டேன். சிரித்தார் என்றுதான் சொல்கிறார்கள்.

போன வாரம் என் அலுவலகத்துக்கு ஒரு பெண்மணி வந்தார். பள்ளிக்கு எதிர்த் தெருவில் சலவைக் கடை வைத்திருப்பவர். கையில் மடித்த வெள்ளை உடுப்பு. கஞ்சி போட்டு இஸ்திரி போட்டிருந்தார்.

"உங்க பொண்ணு உடுப்பு சார். குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். காய்ச்சல் விட்டுடுச்சா?"

விட்டுவிட்டது என்றேன்.

"எம்பொண்ண எப்பவும் கடைசி வரிசையிலதான் நிக்க வப்பாங்க சார், ஃபீஸ் சலுகையில படிக்கிறவ. உங்க பொண்ணு புண்ணியத்துலதான் அன்னிக்கு அந்த இடம் கிடைச்சுது. நடுவுல நின்னேம்மா, நடுவுல நின்னேம்மான்னு ராத்திரியெல்லாம் தூங்கல." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த விழாவுக்கும் உங்க பொண்ணுக்கு முடியலன்னா, ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க சார். எம்பொண்ணு வந்துடுவா."

எவ்வளவு நன்றியுள்ள ஜனங்கள் என்று நெகிழ்ந்துபோய், சொல்லி அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த மாதம் அதே மண்டபத்தில் பரிசளிப்பு விழா. என் மகளுக்கு அன்றைக்குப் பல்வலி வருவதாக இருக்கிறது.